எடை குறையுது

மாத முதல் வாரம் வேதாளை ரேஷன் கடையில்
முந்நூற்றுப் பத்து கார்டுக்காரர்கள்
என்னிடம் சொல்வது ஒன்றுதான்:
எடை குறையுது.

எனக்குத்தான் குறையவில்லை.
எண்பத்து நாலு கிலோ,
அதுவும் ஷட்டரை இறக்கிவிட்டு
செருப்பைக் கழற்றிப் போட்டு
மூட்டைத் தராசில் ஏறி நின்றபோது.

ஓடாதீங்க, மூட்டு போயிரும் என்றார்
உச்சிப்புளி டாக்டரம்மா.
முதுகில் கொஞ்சம் பாரத்தோடு நடங்க.
பேச முடியணும், பாட முடியக்கூடாது,
அதுதான் வேகம்.
கொழுப்பும் கடன் வாங்கியவனும் ஒரே ரகமாம்.
விரட்டினால் ஒளிந்துகொள்ளும்.
தினமும் வாசலில் போய் நின்றால்
சில்லறை சில்லறையாகத் தரும்.

தம்மாமுக்குப் போன மகனின் பழைய பள்ளிக்கூடப் பை.
ஜிப்புக்கு மேலே மார்க்கர் எழுத்தில் இன்னும்
அஸ்கர், பத்து-ஆ.
கடை அரிசியைப் போட்டிருக்கலாம்தான்,
ஊர் வாய் சும்மா இருக்காது.
வாலிநோக்கம் கல்லுப்பு வாங்கினேன்,
இரண்டு கிலோவில் தொடங்கி
வாரத்துக்கு அரைக் கிலோ கூட்டி
ஐந்து வரை.

சுபுஹு தொழுதுவிட்டு இறங்குவேன்.
கறுப்புத் துணிக்கு மேல் நீலப் பை,
காலுக்கடியில் இரவு ஒதுங்கிய பாசி,
எதிரே முசல் தீவு
இன்னும் விடியாத ஒரு கோடு.
யாரோடு பேசிப் பார்ப்பது?
கார்டு பெயர்களைச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.
செய்யதம்மாள், சர்க்கரை பாக்கி.
சோலைமுத்து, கைரேகை விழாது.
பிரிட்டோ மனைவி ஜெயமேரி,
எப்போதும் சண்டை.
மூச்சு ஜெயமேரியிடம் வந்து முட்டும்.
ஒருநாள் பழைய பாட்டொன்று
தானாக வாயில் வந்துவிட்டது.
வெட்கப்பட்டு வேகத்தைக் கூட்டினேன்.

கார்த்திகையில் ஒரு காலை
பையைத் தூக்கினால் பஞ்சாக இருந்தது.
பலம் ஏறிவிட்டது என்று
பாசி எடுக்கப் போகிறவர்களை எல்லாம்
முந்திக்கொண்டு நடந்தேன்.
மதியம் சந்தேகம் வந்து தராசில் வைத்தேன்.
மூன்றரை.
ஈரக்காற்றில் கசிந்து
என் முதுகு வழியாகவே ஒழுகிப் போயிருக்கிறது மீதி.
எனக்கு முன்னால் பை இளைத்துவிட்டது.
அன்று மட்டும் நானே என்னோடு
கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று சண்டை போட்டேன்.

சாக்கைப் பாலிதீனில் கட்டி மறுபடி ஐந்து.
அந்த வாரம்தான்
டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தது.
மரைன் போலீஸ்.
பையில என்ன? மஞ்சளா? கடல் அட்டையா?
உப்பு.
உப்பா? கடற்கரையில உப்பைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா போறீங்க?
எங்கயும் இல்லை சார்.
அந்த வலைக்கொட்டகை வரைக்கும் போய்
திரும்பி வருவேன்.
சொல்லும்போதுதான் எனக்கே
பொய் மாதிரி இருந்தது.

பெண்ணைச் சோதிக்கப் பெண் வரவேண்டும்.
மண்டபத்திலிருந்து ஸ்கூட்டரில்
காளீஸ்வரி வந்து சேர நாற்பது நிமிடம்.
அதுவரை பையை இறக்கவில்லை நான்.
நின்ற நேரத்துக்கும் கணக்கு உண்டா என்று
டாக்டரம்மாவைக் கேட்கவேண்டும்.

அவள் பிரித்தாள். கிள்ளி நாக்கில் வைத்தாள்.
தூவென்று துப்பினாள்.
அதோடு விட்டிருக்கலாம்.
தன் தோளில் மாட்டிக்கொண்டு
கவிழ்த்துப்போட்ட வத்தை வரை நடந்து திரும்பினாள்,
தொப்பி கழன்று கையில் இருந்தது.
பிள்ளை பெத்து ஒரு வருசம், பன்னிரண்டு கிலோ ஏறிருச்சுக்கா.
துப்பாக்கியைத் தூக்கி நடந்தா ஆகாதா?
எத்தனை கிலோ?
நாலு இருக்கும்.
ஆகும், என்றேன்.
பாடத்தான் கூடாது.

இன்று எண்பத்தொன்று நானூறு.
யாரிடமும் சொல்லவில்லை.
ஷட்டரைத் தூக்கியதும் முதல் ஆளாக ஜெயமேரி.
தராசைப் பார்த்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
எடை குறையுது, என்றாள்.
எதைச் சொல்கிறாள் என்று கேட்கவில்லை.
ஒரு கை அரிசி
கூட அள்ளிப் போட்டேன்.